விழுந்தது வயசாலா, சக்கரத்தாலா?

மூன்று வருசத்துக்கு முன்னால், 35 வயசில், விளாங்குடியில் எங்கள் தெருமுனையிலேயே ஸ்கேட்போர்டிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பெரிய வேகமெல்லாம் இல்லை. நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். போர்டு திடீர்னு நின்றது, நான் நிற்கவில்லை. எழுந்து பார்த்தால் முன்சக்கரத்துக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு ஜல்லி.

மாவுக்கட்டு ஆறு வாரம். பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே வசனம்: "இந்த வயசுல இது தேவையாப்பா?" மாமனார் மட்டும் கேட்கவில்லை. கட்டையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு காபியைக் குடித்துக் கிளம்பினார். அது அவர்கள் கேட்டதைவிட மோசம். நானும் அதைத்தான் நம்பினேன். வயசாயிருச்சு, அடங்கி உட்காரணும்னு முடிவு பண்ணி போர்டைப் பரணில் போட்டாச்சு.

ஒரு கையை வைத்துக்கொண்டு வேறு வேலை ஓடவில்லை என்பதால் இந்தப் பலகையின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, 1965-ல் அமெரிக்காவிலும் இதே விசாரணை நடந்திருக்கிறது. அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது வயசு இல்லை, விடலைகளின் துடுக்கு. தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். எட்டு வருசம் கழித்துத்தான் தப்பு யாருடையது என்று தெரிந்தது. அது சக்கரத்துடையது.

முதலில் நம்ம ஊர் வண்டி. 1996 வாக்கில், விளாங்குடி பேரூராட்சியாக இருந்த காலம் (மாநகராட்சிக்குள் வந்தது 2011-ல்தான்), எங்கள் தெருப் பையன்கள் எல்லாரிடமும் பேரிங் வண்டி இருந்தது. தென் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஒரு பலகை, பின்னால் குறுக்காக ஒரு கட்டை, அதன் இரண்டு முனையிலும் பழைய பேரிங். முன்னால் இன்னொரு கட்டை, நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் திரும்புகிற மாதிரி. திண்டுக்கல் ரோட்டு ஓரத்து லாரிப் பட்டறைகளில் கெஞ்சினால் தேய்ந்த பேரிங் கிடைக்கும். கட்டை முனையை அரிவாளால் செதுக்கி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, பேரிங்கை வைத்துச் சுத்தியலால் தட்டினால் சிக்கென்று உட்காரும். சீமெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுவிட்டால் உருளும்.

ஒருத்தன் உட்கார, ஒருத்தன் முதுகைத் தள்ள, "கர்ர்ர்ர்" என்று தெரு அதிரும். அந்தச் சத்தம்தான் கௌரவமே. இருட்டினபிறகு தார் ரோட்டில் விட்டால் பொறி பறக்கும். ஆனால் ஒரு சின்னக் கல் வந்தால் போதும். வண்டி அங்கேயே நின்றுவிடும், உட்கார்ந்தவன் முன்னால் போய் விழுவான். எங்கள் முட்டியில் எப்போதும் மஞ்சள் பத்து இருக்கும். யாரும் அதை வண்டியின் குறை என்று நினைத்ததே இல்லை. "பாத்து ஓட்டத் தெரியல"ன்னுதான் திட்டு.

அமெரிக்காவில் 1950-களில் பையன்கள் செய்ததும் ஏறக்குறைய இதே வேலை. வீட்டில் கிடக்கிற பழைய ரோலர் ஸ்கேட்டை முன்பாதி பின்பாதியாகப் பிரித்து, ஒரு பலகைக்கு அடியில் ஆணி அடித்துவிடுவார்கள். இரும்புச் சக்கரம். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குக்காரர்கள், கடலில் அலை இல்லாத நாளில் நடைபாதையில் வழுக்க இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1963-ல் லாரி ஸ்டீவன்சன் என்பவர் மகாஹா என்ற பெயரில் ஒழுங்கான போர்டு செய்து விற்க ஆரம்பித்தார். இரும்புக்குப் பதில் 'களிமண் சக்கரம்' வந்தது. பெயர்தான் களிமண், உண்மையில் அரைத்த கொட்டை ஓடு, காகிதம் மாதிரிச் சமாச்சாரங்களைப் பிசினில் அழுத்திச் செய்த கலவை. வழவழப்பான ரோலர் ஸ்கேட்டிங் அரங்குக்காக உருவானது. சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் ரோட்டில் அதே கடினம், அதே வழுக்கல், ஓரம் வேறு பிய்ந்து போகும்.

1965 மே 14 தேதியிட்ட 'லைஃப்' இதழின் அட்டையில் பாட் மெக்கீ என்ற இளம்பெண் ஓடும் போர்டில் தலைகீழாகக் கையூன்றி நிற்கிறார். மோகத்தின் உச்சம் அது. அந்த வருசம் முடிவதற்குள் கதை கவிழ்ந்தது. கை கால் முறிவுகள் பெருகின, டாக்டர்கள் எச்சரித்தார்கள், பல நகரங்கள் தடை போட்டன, கடைகளில் சரக்கு தேங்கியது. பொறுப்பில்லாத பிள்ளைகள், ஆபத்தான விளையாட்டு, முடிஞ்சது சோலி.

அந்தக் கல் ஏன் வண்டியை நிறுத்துகிறது? மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஆள் நெஞ்சு உயரம். கீழே கிடக்கிற கல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, மேலே ஏறி இறங்கிவிடும். ஸ்கேட்போர்டுச் சக்கரத்தின் விட்டமே 50 மில்லிமீட்டர் சொச்சம். 10 மி.மீ. கல் அதற்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரு சுவர். சக்கரம் கடினமாகவும் இருந்தால் இரண்டே வழிதான். கல் நகர வேண்டும், அல்லது ஆளோடு சேர்த்துப் போர்டு முழுக்க மேலே எழும்ப வேண்டும். ஜல்லி தாரில் லேசாகப் பிடித்துக்கொண்டால் இரண்டும் நடக்காது. பலகை நிற்கும், அதன் மேல் நிற்கிறவனைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. இளகின சக்கரமாக இருந்தால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு: கல் பட்ட இடம் மட்டும் உள்ளே குழிந்து கல்லை விழுங்கிக்கொண்டு தாண்டிவிடும்.

அப்படியானால் ரப்பர் போட்டிருக்கலாமே? போட்டுப் பார்க்காமல் இல்லை. ரப்பர் குழிகிறது, ஆனால் ஒவ்வொரு குழிவிலும் நம்ம தள்ளின சக்தியைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது, சீக்கிரம் தேயவும் செய்கிறது. குழியவும் வேண்டும், குழிந்த வேகத்தில் திரும்பி எழவும் வேண்டும், தேயக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த பொருள்தான் பாலியூரித்தேன். 1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர், வர்ஜீனியாவில் நண்பனின் அப்பா நடத்திய தொழிற்சாலைக்குப் போயிருந்தபோது, ரோலர் ஸ்கேட்டுக்காகச் செய்யப்பட்டு அங்கே குவிந்து கிடந்த யூரித்தேன் சக்கரங்களைப் பார்க்கிறார். தன் பழைய போர்டில் மாட்டிப் பார்த்தார். கலிபோர்னியாவுக்குப் போனதும் 'கேடிலாக்' என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தார். 1973 வாக்கில், செத்துப்போனதாகச் சொன்ன விளையாட்டு எழுந்து நடந்தது. பிள்ளைகள் மாறவில்லை, ரோடும் அதேதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி சக்கரத்துக்கு மேலே இருக்கிறது: ட்ரக். போர்டையும் சக்கரத்தையும் இணைக்கிற அந்த உலோகப் பாகம். எங்கள் பேரிங் வண்டியில் முன்கட்டை ஒரு செங்குத்துப் போல்ட்டில் திரும்பும். காலால் உதைத்தோ கயிற்றால் இழுத்தோதான் திருப்ப வேண்டும். ஸ்கேட்போர்டில் கையும் இல்லை, கயிறும் இல்லை. உடம்பைச் சாய்த்தால் திரும்புகிறது. எப்படி? அச்சு திரும்புகிற முனை நேராக நிற்காமல் சரிவாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் பலகை ஒரு பக்கம் சாய்ந்தால் அச்சு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திரும்பியே ஆக வேண்டும். முன் ட்ரக்கும் பின் ட்ரக்கும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிரெதிராக இருப்பதால், முன்னச்சு இடது பக்கம் திரும்பும்போது பின்னச்சு வலது பக்கம் திரும்பும். போர்டு வளைந்து போகும். நடுவில் 'புஷ்' எனப்படும் இரண்டு மெத்தை வளையங்கள் நசுங்கி, சாய்வு போனதும் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். ஆச்சரியம் என்னவென்றால் இதைக் கண்டுபிடித்தது ஸ்கேட்போர்டுக்காரர்களே இல்லை. 1863-ல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர் ரோலர் ஸ்கேட்டுக்காகச் செய்தது. அதற்கு முன்னால் ஸ்கேட் நேராகத்தான் ஓடும். ஆக, திரும்புகிற வித்தை நூறு வருசமாகக் கையில் இருந்தது. கல்லைத் தாண்டுகிற சக்கரம்தான் இல்லை.

பேரிங் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970-களின் நடுப்பகுதி வரை சக்கரத்துக்குள் குண்டுகள் தனித்தனியாகக் கிடக்கும். நட்டு லூசானால் ரோடு முழுக்கக் குண்டு. அப்புறம் மூடின பேரிங் வந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த ஸ்கேட்போர்டை எடுத்தாலும் அளவு ஒன்றுதான்: 608. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. சில வருசம் முன்னால் பிள்ளைகள் விரலில் சுற்றிக்கொண்டிருந்த ஸ்பின்னரின் நடுவிலும் இதேதான். டவுனில் எந்தப் பேரிங் கடையிலும் "608 ரப்பர் சீல்" என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். நான் முதல் தடவை போனபோது கடைக்காரர் "எந்த மிஷினுக்குண்ணே?" என்றார். சொன்னேன். எட்டு எண்ணிக் கொடுத்துவிட்டு, "பசங்களுக்கா?" என்றார். ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தப் பொய்க்கு இன்னும் வெட்கம் உண்டு.

(பெட்டியில் போட்டிருக்கும் ஏபெக் 7, ஏபெக் 9 எண்களுக்கு மயங்க வேண்டாம். அது பேரிங் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டது என்பதன் அளவு. மேலிருந்து குதிக்கும்போது பக்கவாட்டில் விழுகிற அடியைத் தாங்குமா என்பதை அது சொல்லாது. மதுரைத் தூசிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருப்பதுதான் முக்கியம்.)

1976, 77-ல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. பையன்கள் சுவரேறிக் குதித்து அந்தக் குழிகளில் போர்டு ஓட்டினார்கள். வளைந்த சுவரில் ஏறி இறங்குகிற பாணி அப்படித்தான் பரவியது. வறட்சி என்றால் நம்ம வைகையிடம் இல்லாததா? ஆனால் எங்களுக்கு வற்றினால் கிடைப்பது மணலும் சீமைக்கருவேலமும். 1978-ல் புளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற பையன் கையால் தொடாமலேயே போர்டோடு காற்றில் எழும்பினான். அவன் செல்லப் பெயர் ஆலி, அந்த வித்தைக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் அதைச் சமதரையில் செய்து காட்டினார். இன்றைய தெரு வித்தைகளில் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைத்தவை. மரத்தில் ஏழு அடுக்கு ஒட்டி, இரண்டு முனையும் மேலே வளைந்த இப்போதைய வடிவம் 1990-களின் தொடக்கத்தில் நிலைத்தது.

இதெல்லாம் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு பிரௌசிங் சென்டர் வழியாகத்தான். கல்லூரிக் காலத்தில் டோனி ஹாக் பெயரில் வந்த இரண்டாவது வீடியோ கேமை மணிக்கணக்கில் விளையாடியிருக்கிறேன். விரலால் ஆயிரம் ஆலி அடித்தவன் நான். நிஜப் போர்டு ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நிஜமாகவே என்னை ஏற்றிவிட்டது மாமல்லபுரத்துச் சிறுமி கமலி. வெறுங்காலில், கவுன் போட்டபடி, சரிவில் போர்டோடு இறங்கும் அவள் படத்தை டோனி ஹாக் பகிர, அது உலகம் முழுக்கச் சுற்றியது. 2019-ல் சாஷா ரெயின்போ இயக்கத்தில் 'கமலி' என்றே ஒரு குறும்படம் வந்து, அடுத்த ஆண்டு பாஃப்டாவில் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவில் பரிந்துரையும் பெற்றது. படத்தில் எனக்கு மறக்காதது வித்தைகள் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சு அந்த வீட்டுக்குள்ளும் வருகிறது. பெண் பிள்ளைக்கு இது தேவையா என்று அங்கே. 35 வயசு ஆளுக்கு இது தேவையா என்று இங்கே. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், அவள் சுமை பல மடங்கு பெரிது. ஆனால் கேள்வியின் சாடை ஒன்றுதான்.

மாமல்லபுரம், கோவளம் பக்கம் இது வேர் பிடித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடலில் அலைச்சறுக்கு முதலில் வந்தது, பலகை பின்னால் வந்தது. கலிபோர்னியாவில் நடந்த அதே வரிசை. மத்தியப் பிரதேசத்தில் பன்னா பக்கத்து ஜன்வார் கிராமத்தில் 2015-ல் உல்ரிக் ரைன்ஹார்ட் கட்டிய ஸ்கேட்பார்க் வேறு மாதிரி. கடலும் இல்லை, அலையும் இல்லை. பள்ளிக்கூடம் போனால்தான் போர்டு, பெண் பிள்ளைகளுக்கு முதலிடம் என்று இரண்டே விதி. நான் இருப்பது இரண்டும் இல்லாத இடம். கூடல் நகர் ரயில் சத்தம் கேட்கிற, சரிவே இல்லாத ஒரு தெரு.

மாவுக்கட்டு பிரித்ததும் செய்த முதல் வேலை, பரணிலிருந்து அந்தப் போர்டை இறக்கிப் பிரித்துப் பார்த்தது. இணையத்தில் வாங்கினது, கம்பெனி பெயர் வேண்டாம். 'பெரியவர்களுக்கு ஏற்றது' என்றுதான் போட்டிருந்தது. சக்கரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். பக்கெட் பிளாஸ்டிக் மாதிரி, இம்மியும் அமுங்கவில்லை. ட்ரக் பிளாஸ்டிக். புஷ் கல் மாதிரி இறுகிக் கிடந்ததால் எவ்வளவு சாய்ந்தாலும் போர்டு திரும்பவே இல்லை. முதல் மாதம் முழுக்க "எனக்கு பேலன்ஸ் வரல, வயசு" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பாத வண்டியில் எவனுக்கு பேலன்ஸ் வரும்? 60 வருசத்துக்கு முந்திய சக்கரத்தையும் 1863-க்கு முந்திய ட்ரக்கையும் சேர்த்து எனக்கு விற்றிருக்கிறார்கள்.

இப்போது ஓட்டுவது பாகம் பாகமாகச் சேர்த்தது. எட்டேகால் அங்குல அகல மேப்பிள் பலகை, அதற்குச் சரியான அகலத்தில் அலுமினிய ட்ரக், 60 மி.மீ. சக்கரம், கடினம் 78ஏ. இந்த எண் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கடினம். படத்தில் நீங்கள் பார்க்கிற தெரு வித்தைக்காரர்கள் போடுவது 52 மி.மீ., 99ஏ அல்லது 101ஏ; பளிங்குத் தரையில் அது பறக்கும். "கடினமான சக்கரம்தான் வேகம்" என்று எல்லா வீடியோவிலும் சொல்வது வழவழப்பான தரைக்கு மட்டுமே உண்மை. சொரசொரத்த ரோட்டில் கடினச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் போர்டை எகிற வைத்தே வேகத்தை இழக்கிறது. எங்கள் தெருவில் 78ஏ-தான் வேகமும். பேவர் பிளாக் இடுக்குகளைக்கூட முனகிக்கொண்டு தாண்டிவிடும். ஆலி அடிக்க இது கனம், மெத்தென்று வேறு இருக்கும். அதனால் எனக்கு ஆலி வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். கடினச் சக்கரத்திலும் வரவில்லை.

பலகை மேல் ஒட்டுகிற கிரிப் டேப் உப்புத்தாள் மாதிரிதான், காலைப் பிடித்துக்கொள்ளும். காலுக்கு விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கேன்வாஸ் ஷூவின் தட்டை ரப்பர் அடி அருமையாகப் பிடிக்கிறது. என்ன, மூன்று மாதத்தில் ஓரம் கிழியும். ஓடுவதற்கான ஷூ வேண்டவே வேண்டாம், அதன் தடித்த குதிகால் போர்டைக் காலுக்குத் தெரியவிடாது.

நேரம் பார்க்க வேண்டும். விடிகாலைதான் ரோடு காலி, ஆனால் அப்போதுதான் எல்லா வாசலிலும் தண்ணீர் தெளித்திருப்பார்கள். ஈரம் பேரிங்குக்கும் ஆகாது, பலகையின் ஒட்டுக்கும் ஆகாது. மார்கழியில் கேட்கவே வேண்டாம், கோலத்தைத் தாண்ட நாலடி வளைந்து போக வேண்டும். ஒரு தடவை ஓரம் அழித்துவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சித்திரை வெயிலில் புஷ் இளகி போர்டு தளதளவென்று ஆடும், நட்டைக் கால் சுற்று இறுக்குவேன். நாய்களுக்கு ஆள் பிரச்சினையில்லை, சத்தம்தான். இளகின சக்கரம் வந்தபிறகு எங்கள் தெரு நாய்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

வயசைச் சுத்தமாக விடுவித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. பத்து வயசில் விழுந்தால் எழுந்து ஓடினோம், இப்போது எலும்பு கணக்குக் கேட்கிறது. பின்னால் சாயும்போது கையை ஊன்றுவது பழக்கம். முன்கை எலும்பு மணிக்கட்டுக்கிட்ட முறிவது அதனால்தான். அதனால் உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் ஏறுவதில்லை. அதுதான் என் கிட்டில் சக்கரத்துக்கு அடுத்த முக்கியமான பொருள். முட்டிக்காப்பு, சைக்கிள் ஹெல்மெட் உண்டு (பைக் ஹெல்மெட் கனம் கழுத்தை இழுக்கும், பக்கப் பார்வையை மறைக்கும்). முதல் ஒரு மாதம் மொட்டை மாடியில் பாயை விரித்து, கையை மடக்கித் தோளால் உருண்டு விழ மட்டும் பழகினேன். மாமனார் அதையும் பார்த்தார்.

அந்தப் பழைய போர்டை எடைக்குப் போட மனசு வரவில்லை. போன கோடை விடுமுறையில் தெருப் பையன்கள் கேட்டார்கள், ட்ரக்கையும் சக்கரத்தையும் கழற்றிவிட்டுப் பலகையை மட்டும் கொடுத்தேன். எங்கேயோ பழைய சீலிங் ஃபேனிலிருந்து பேரிங் தேற்றிக்கொண்டு வந்தார்கள், 6202. கட்டை முனையில் டியூப் சுற்றித் தட்டுவது எப்படி என்று மட்டும் நான் காட்டிக் கொடுத்தேன். நாலு நாள் தெருவே அதிர்ந்தது. ஐந்தாவது நாள் அதில் ஒருத்தன் வந்து, "மாமா, உங்க சக்கரத்துல ஒரு செட்டு கிடைக்குமா? கல்லுல நிக்குது"ன்னான்.